மாசமாக இருக்கும்போது ரத்தம் ஊற என்ன குடிக்கலாம்? மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது

கேள்வி
எழுதியவர்: பனங்காட்டு மகள் (மண்டபம் பக்கம்)

அக்காமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம். எனக்கு இது தலைப்பிள்ளை, ஐந்தாம் மாதம் நடக்கிறது. பிறந்த ஊர் சாயல்குடிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது மண்டபத்துக்குக் கிட்ட ஒரு மீன்பிடிக் கிராமத்தில். போன வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எச்பி (ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் அளவு) 9.4 என்று வந்திருக்கிறது. அட்டையில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, இரும்புச்சத்து மாத்திரையைக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று போடச் சொன்னார்கள்.

மாத்திரையை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிரட்டுகிறது. காலையில் போட்ட அரை மணி நேரத்தில் வாந்தி. மலம் கறுப்பாகப் போகிறது, கட்டிக்கொள்ளவும் செய்கிறது. "ஒத்துக்கொள்ளாததை ஏன் போடுகிறாய், சிவப்பாக இருப்பதைக் குடித்தால் ரத்தம் தன்னால் ஊறும்" என்று அத்தை தினமும் பீட்ரூட் சாறோ மாதுளைச் சாறோ பிழிந்து கொடுக்கிறார்கள். பாவம், தன் கையிலிருந்து காசு போட்டு மாதுளை வாங்குகிறார்கள். அம்மா இங்கே வந்தபோது ஒரு பெட்டி கருப்பட்டி கொடுத்துவிட்டுப் போனாள். பதநீர் இறங்கினால் அதையும் அனுப்புகிறேன் என்கிறாள்.

வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அவர் கிளம்பும்போது கருப்பட்டி போட்டுக் கடுங்காப்பி வைப்பேன், நானும் ஒரு டம்ளர் குடிப்பேன். அப்புறம் இட்லியோடு ஒன்று, சாயங்காலம் ஒன்று. எங்கள் கிணறு உப்பு, குடிக்கிற தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம். அதனால் வெறும் தண்ணீர் குடிப்பது குறைவுதான்.

நான் கேட்பது இரண்டு. வீட்டிலேயே செய்கிற மாதிரி, நம் பக்கம் கிடைக்கிற பொருளில், ரத்தம் ஊற என்னென்ன குடிக்கலாம்? ஒழுங்காகக் குடித்தால் மாத்திரையை விட்டுவிடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த மாதம் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அதற்குள் ஏற வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

---

பதில் 1
எழுதியவர்: கீழக்கரை லாத்தா

தங்கச்சி, பயப்படாதே. எங்கள் வீட்டில் பிள்ளை உண்டான பெண்ணுக்கு ரத்தம் குறைவு என்றால் உம்மா முதலில் கசாப்புக்கடைக்குச் சொல்லி அனுப்புவது சுவரொட்டிக்குத்தான், அதாவது ஆட்டு மண்ணீரலுக்கு. ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும், அதனால் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீரில் மஞ்சளும் உப்பும் போட்டு நன்றாக வேகவைத்து, மேல் தோலை உரித்துச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் தட்டிப்போட்டு நீர்க்கச் சாறு வைப்போம். துண்டைத் தின்று சாற்றைக் குடிக்க வேண்டும். நெஞ்செலும்பு சூப்பும் வாரம் ஒரு தடவை உண்டு. நோன்புக் கஞ்சி மாதிரி பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு போட்டுக் காய்ச்சினால் வாந்தி இருக்கிற நேரத்திலும் உள்ளே இறங்கும்.

மாத்திரையை விடுவதைப் பற்றி நான் சொல்ல மாட்டேன், அது படித்தவர்கள் சொல்ல வேண்டியது. சுவரொட்டி மட்டும் தவறாமல் சாப்பிடு.

---

பதில் 2
எழுதியவர்: ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்

தங்கச்சி, நான் மண்டபம், திருப்புல்லாணி ஒன்றியங்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நீ கேட்டிருப்பதை அந்தக் கடற்கரைத் தெருக்களில் வீட்டுக்கு வீடு கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாகப் படி. அத்தையையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டு.

முதலில் இரண்டாவது கேள்விக்குப் பதில்: மாத்திரையை விடக் கூடாது. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். 100 கிராம் பீட்ரூட்டில் இரும்புச்சத்து 1 மில்லிகிராம்கூட இல்லை. மாதுளையில் அதைவிடக் குறைவு, அரை மில்லிகிராமுக்கும் கீழே. அவற்றின் சிவப்பு வெறும் நிறம்தான், ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நம் வீட்டு முருங்கைக்கீரை பச்சை, ஆனால் 100 கிராமில் நாலரை மில்லிகிராம் இருக்கிறது. கம்பில் ஆறுக்கு மேல், கேழ்வரகில் நாலரை, கொள்ளில் எட்டுக்கு மேல். மாசமாக இருக்கிற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 27 மில்லிகிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020இல் சொல்லியிருக்கிறது. உனக்குக் கொடுத்திருக்கிற சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. கீரை, தானியத்தில் இருக்கிற இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இப்போது நீயே கூட்டிப் பார். 9.4இல் நிற்கிற எச்பியைச் சாறு மட்டும் கொடுத்து ஒரு மாதத்தில் தூக்க முடியாது.

எச்பி 11க்குக் கீழே போனால் கர்ப்பிணிக்கு ரத்தசோகை. 10 முதல் 10.9 வரை லேசானது, 7 முதல் 9.9 வரை நடுத்தரம், 7க்குக் கீழே கடுமையானது. நீ நடுத்தரத்தில் இருக்கிறாய், அதனால்தான் இரண்டு வேளை மாத்திரை. நாட்டில் மாசமாக இருக்கிற பெண்களில் பாதிக்கு மேல், நூற்றுக்கு 52 பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. உனக்கு மட்டும் வந்ததாக நினைத்துக் கலங்காதே. மாசமாக இருக்கும்போது ரத்தத்தின் நீர்ப்பகுதி பாதியளவுக்குக் கூடிவிடும், பிள்ளையும் தன் பங்கு இரும்பை உன்னிடமிருந்துதான் எடுத்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இருப்பு குறைவாக உள்ள உடம்பு அதைத் தாங்க முடியாமல் இறங்கிப்போகிறது.

அப்படியானால் குடிப்பதெல்லாம் வீணா என்றால், இல்லவே இல்லை. குடிப்பதை எதோடு, எந்த நேரத்தில் குடிக்கிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாத்திரையை உடம்பில் சேர்க்கிறதும் அதுதான், சேரவிடாமல் தடுக்கிறதும் அதுதான். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் மாத்திரை அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் அடுப்படியைத்தான் பார்ப்பேன். கடுங்காப்பிச் சட்டி எந்நேரமும் அடுப்பில் இருக்கிற வீட்டில் மாத்திரை ஒழுங்காகப் போட்டும் எச்பி ஏறாது. காப்பியிலும் தேயிலையிலும் இருக்கிற துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொண்டு வெளியே கொண்டுபோய்விடும். இட்லியோடு ஒரு காப்பி என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னே ஒரு மணி நேரம், பின்னே இரண்டு மணி நேரம் காப்பி, டீ வேண்டாம். வீட்டுக்காரர் கடலுக்குக் கிளம்பும்போது அவருக்குக் கடுங்காப்பி வை, உனக்குச் சுக்கு மல்லித் தண்ணீர் வைத்துக்கொள். மல்லி ஒரு கரண்டி, சீரகம் கொஞ்சம், சுக்கு ஒரு சின்னத் துண்டு தட்டிப்போட்டு, அம்மா கொடுத்த கருப்பட்டியில் ஒரு சில்லு போட்டுக் கொதிக்கவிட்டால் போதும். காப்பித்தூள் சேர்க்காதே. காலையில் வருகிற குமட்டலும் இதில் அடங்கும்.

இப்போது முருங்கைச் சாறு. இதைச் சரியாகச் செய்கிற வீடு குறைவு, அதனால் பக்குவத்தைச் சொல்கிறேன். முருங்கை நம் மணலில் தானாக நிற்கிறது, காசு கிடையாது. இளங்கீரையாக இரண்டு கைப்பிடி உருவிக்கொள். பழுத்த இலையையும் கட்டைக் காம்பையும் தள்ளிவிட்டுத் தண்ணீரில் அலசு, காற்றில் வந்த மணல் அடியில் தங்கும், இரண்டு மூன்று தண்ணீர் மாற்று. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் இரண்டு டம்ளர் எடுத்து, ஆறேழு சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு தக்காளி, கால் கரண்டி சீரகம், கொஞ்சம் மிளகு தட்டிப்போட்டுக் கொதிக்க விடு. வெங்காயம் வெந்த பிறகு கீரையைப் போட்டு மூடாமல் ஐந்து நிமிடம் விட்டால் போதும். கீரை பச்சை நிறம் மாறிக் கறுத்துப் போகிற வரை வேகவைக்காதே. இறக்கி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழி. அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் எலுமிச்சையில் இருக்கிற வைட்டமின் சி சூட்டில் போய்விடும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். நிறைய வீடுகளில் சாற்றை வடிகட்டிக் குடித்துவிட்டுக் கீரையைக் கோழிக்குப் போட்டுவிடுகிறார்கள். இரும்பில் பெரும் பங்கு அந்தக் கீரையில்தான் தங்கியிருக்கிறது. கீரையோடு தின்ன முடியவில்லை என்றால் மத்தால் கடைந்து கூழாக்கிக் குடி. இதே சாற்றை இரும்புச்சட்டியில் தக்காளி புளிப்போடு வைத்தால் சட்டியிலிருந்தும் கொஞ்சம் இரும்பு இறங்கும். வைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடு, சட்டியிலேயே கிடந்தால் கறுத்துச் சுவை கெடும்.

அடுத்தது கூழ். கம்போ கேழ்வரகோ, இரண்டும் நல்லது. முதல் நாள் சாயங்காலம் மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, ராத்திரி காய்ச்சி, காலையில் கரைத்துக் குடிக்கிற பழக்கம் நம் பாட்டிமார் காலத்தது. புளிக்க வைப்பதால் தானியத்தில் இரும்பைக் கட்டிவைத்திருக்கிற சத்து ஓரளவு உடைந்து, உடம்புக்கு இரும்பு கிடைப்பது கூடுகிறது. முளைகட்டிய தானியத்தில் அரைத்த மாவுக்கும் இதே பலன் உண்டு. கூழுக்குத் தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் ஒரு நெல்லிக்காயும் வை. நெல்லிக்காயில் இரும்பு பெரிதாக இல்லை, ஆனால் 100 கிராமில் வைட்டமின் சி 250 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. மற்றதில் இருக்கிற இரும்பை உள்ளே இழுத்துக்கொடுப்பது அதன் வேலை. நெல்லிக்காய் கிடைக்காத நாளில் கொய்யாப்பழம். கடைத்தெருவில் மாதுளை வாங்குகிற காசுக்கு ஒரு கிலோ கொய்யா வரும் என்று அத்தையிடம் சொல். அவர்கள் உன்மேல் வைத்திருக்கிற பாசம் பெரிது, அந்தக் காசு சரியான இடத்துக்குப் போகட்டும். மாதுளை கெடுதல் ஒன்றும் இல்லை, பிடித்தால் பழமாகத் தின்னலாம்.

கொள்ளு ரசம் நல்லது. சூடு என்று சில வீடுகளில் மாசமான பெண்ணுக்குக் கொடுக்க மாட்டார்கள். அளவாகக் குடித்தால் அது சாப்பாடுதான், ஒன்றும் செய்யாது. மனசு ஒப்பவில்லை என்றால் பாசிப்பயறுக் கஞ்சி குடி, சண்டை போட வேண்டாம்.

கீழக்கரை லாத்தா சொன்ன சுவரொட்டி மிகச் சரி. ஆட்டின் மண்ணீரல் அது, இரும்புச்சத்து மிகுந்தது, அதுவும் உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்கிற வகை. உள்ளே சிவப்பு தெரியாமல் நன்றாக வேக வேண்டும், அது ஒன்றுதான் கவனிக்க வேண்டியது. ஈரலை மட்டும் அடிக்கடி சாப்பிடாதே. அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மேல் இருக்கிறது, மாசமாக இருக்கும்போது மிஞ்சினால் பிள்ளைக்கு ஆகாது. நெஞ்செலும்பு சூப் வாய்க்கு ருசி, தெம்பாகவும் இருக்கும், ஆனால் எலும்பிலிருந்து இரும்பு அவ்வளவு இறங்காது. ஒட்டியிருக்கிற கறியைத் தின்றால்தான் கணக்கு.

மாத்திரை போட்டால் வாந்தி வருவதைத் தவிர்க்க வழி இருக்கிறது. காலை வேளையில் போடுவதைச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடு. ராத்திரி மாத்திரையைப் படுக்கப் போகும்போது போட்டால் குமட்டல் தூக்கத்தில் போய்விடும். இரண்டுக்கும் எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீர் அரை டம்ளர். பாலில் போடாதே, பாலில் இருக்கிற சுண்ணாம்புச்சத்து இரும்பைத் தடுக்கும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு, உடம்பில் சேராத இரும்புதான் அப்படிப் போகிறது. மலச்சிக்கலுக்குக் காரணம் பாதி மாத்திரை, பாதி நீ தண்ணீர் குடிக்காதது. விலைக்கு வாங்குகிற தண்ணீர் என்று குடிப்பதைச் சுருக்காதே தாயி. குளிக்க, துவைக்கக் கிணற்றுத் தண்ணீர் போதும், குடிக்கிற குடத்தை உனக்கென்று ஒதுக்கச் சொல்லி வீட்டில் கேள். கொதிக்கவைத்து ஆற்றிக் குடி. பழைய சோற்று நீராகாரமும் மலச்சிக்கலுக்குக் கைகொடுக்கும்.

பூச்சி மாத்திரை போட்டாயா? மூன்று மாதம் கடந்த பிறகு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே ஒரு தடவை கொடுப்பார்கள். நம் கடற்கரை மணலில் செருப்பில்லாமல் நடக்கிற வழக்கம் எல்லாருக்கும் உண்டு. கொக்கிப்புழு அந்த ஈர மணலிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்து ஏறி, குடலில் போய் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். நீ மேலே ஊற்ற ஊற்ற அது கீழே குடித்துக்கொண்டிருந்தால் எச்பி எங்கே ஏறும்? கொல்லைக்குப் போனாலும் செருப்புப் போட்டுக்கொண்டு போ.

---

பதில் 3
எழுதியவர்: பாசிக்காரி (ஏர்வாடிப் பக்கம்)

செவிலியர் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். நாங்கள் கடல் பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகிறவர்கள். கருக்கலில் வெறும் கடுங்காப்பியோடு கிளம்பினால் கரை ஏறுகிற வரை வயிற்றில் ஒன்றும் இருக்காது, மாசமாக இருக்கிறவர்களும் நாலைந்து மாதம் வரைக்கும் வருகிறார்கள். எங்கள் மைனி ஒருத்திக்குத் தண்ணீருக்குள்ளேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது, பக்கத்தில் நின்றவர்கள் பிடித்துத் தூக்கினார்கள். அதிலிருந்து தூக்குச்சட்டியில் கம்மங்கூழ் இல்லாமல் யாரையும் படகில் ஏற்றுவதில்லை.

அக்கா, ஒரு சந்தேகம். கஞ்சிப்பாசியைக் காயவைத்து அலசிக் காய்ச்சிக் குடிப்போமே, அது ரத்தத்துக்கு நல்லது என்று சிலர் சொல்கிறார்கள். மாசமான பெண்கள் தினமும் குடிக்கலாமா?

---

பதில் 4
எழுதியவர்: ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்

நல்ல காரியம் செய்தீர்கள். மாசமான பெண்ணைக் கடலுக்குள் முங்கவே விடாதீர்கள், கரையில் பாசி காயவைக்கிற வேலையைக் கொடுங்கள்.

கஞ்சிப்பாசிக் கஞ்சி வயிற்றுக்குக் குளிர்ச்சி, எப்போதாவது குடிப்பதில் தப்பில்லை. ஆனால் அதை ரத்தம் ஊறுகிற மருந்தாக நம்பி இருக்காதீர்கள். கடல் பாசியில் அயோடின் உண்டு, கடல் தண்ணீரில் கலந்திருக்கிற மற்றதையும் அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதனால் மாசமாக இருக்கிறவர்கள் தினமும் குடிக்க வேண்டாம்.

---

பதில் 5
எழுதியவர்: நாட்டுப்படகு (தேவிபட்டினம்)

பெண்கள் பேசுகிற இடத்தில் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரிக்கும் இரண்டாவது பிள்ளைக்கு எச்பி குறைந்துதான் இருந்தது. எங்களைப் போன்ற ஆம்பளைகள் ஏலத்தில் நல்ல மீனை எல்லாம் போட்டுவிட்டு, வீட்டுக்கு எது மிஞ்சுகிறதோ அதைத்தான் கொண்டுவருவோம். வந்த மீனிலும் எனக்கும் பிள்ளைக்கும் வைத்துவிட்டு அவள் வெறும் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவாள். அதைக் கண்டதும், மாசமான பெண் முதலில் சாப்பிட வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். எல்லா வீட்டு ஆம்பளைகளும் இதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சாளை, நெத்திலி இதெல்லாம் ரத்தத்துக்கு நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மீன் சாறாக வைத்துக் கொடுக்கலாமா? இன்னொன்று, ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், அப்போது மீன் விலை ஏறிவிடும். வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

---

பதில் 6
எழுதியவர்: ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்

தம்பி, நீ எழுதியதுதான் இந்தப் பக்கத்தில் எல்லாரும் படிக்க வேண்டியது. கடற்கரையில் இருந்துகொண்டு மீன் தின்னாமல் ரத்தசோகையில் கிடக்கிற பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கு மிஞ்சுவது சோறும் குழம்பும்தான்.

சாளை, நெத்திலி, காரல் மாதிரி சின்ன மீன் தாராளமாகக் கொடுக்கலாம். மீனில் இருக்கிற இரும்பு உடம்பில் சுலபமாகச் சேரும், கூடச் சாப்பிடுகிற கீரையில் இருக்கிற இரும்பையும் சேர்த்து இழுத்துக்கொடுக்கும். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டுப் புளியைக் குறைத்து நீர்க்கச் சாறு வைத்து, மீனை உதிர்த்து அதிலேயே போட்டுக் குடிக்கக் கொடு. நண்டுச் சாறும் கொடுக்கலாம். சுறாவை மட்டும் பிள்ளை பிறக்கிற வரை தள்ளிவை. பெரிய மீன்களின் சதையில் பாதரசம் சேர்ந்திருக்கும், அது வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும். அதுவும் கட்டுப்படி ஆகவில்லை என்றால் முட்டை, பயறு, முருங்கை. நெத்திலிக் கருவாடு என்றால் உப்பு போக ஊறவைத்துக் கழுவி, எப்போதாவது கொஞ்சம். பிரஷர் இருக்கிறவர்களுக்குக் கருவாடு வேண்டாம்.

---

பதில் 7
எழுதியவர்: பனங்காட்டு மகள்

அக்கா, உங்கள் பதிலை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். மாதுளையில் அவ்வளவுதானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இன்றைக்குக் காலையில் அவர்களே முருங்கை உருவிக்கொண்டு வந்து, "அடுப்பில் இருக்கும்போது எலுமிச்சை பிழியக் கூடாதாமே" என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். மனசு நிறைந்துவிட்டது. மாத்திரையைப் படுக்கும்போது எலுமிச்சைத் தண்ணீரில் போட்டேன், வாந்தி வரவில்லை.

இன்னும் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது. பதநீர் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? எங்கள் ஊரில் அப்பா மரத்திலிருந்து இறக்கினதும் பட்டையில் ஊற்றிக் கொடுப்பார், அது குடித்தால் ரத்தம் சுத்தமாகும் என்பார். கருப்பட்டியிலும் இரும்பு இருக்கிறது என்கிறார்களே? சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் ஒரு பட்டை கொடுத்திருக்கிறார்கள், அதை எப்போது போடுவது? அரசாங்கத்தில் கொடுத்த பெட்டகத்தில் பேரீச்சையும் டானிக்கும் சத்துமாவும் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளலாமா?

---

பதில் 8
எழுதியவர்: ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல். அவர்கள் துணை இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பதநீர் உங்கள் மண்ணின் சொத்து, குடிக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அதை இரும்புக்காகக் குடிக்காதே. புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள் அல்லவா, அதனால் அதில் சுண்ணாம்புச்சத்து உண்டு. ஆகவே மாத்திரை போடுகிற நேரத்தில் குடிக்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது தள்ளிக் குடி. சாயல்குடியிலிருந்து பாட்டிலில் அடைத்து பஸ்ஸில் வருவதைத் தொடாதே. வருகிற வழியில் வெயிலில் நுரைத்துப் புளித்திருக்கும், புளித்தால் அது கள். அம்மா வீட்டுக்குப் போயிருக்கும்போது, விடியற்காலையில் இறக்கின பதநீரை, சுத்தமாக வடிகட்டி ஒரு டம்ளர் குடி.

அதற்கும் முன்னால் சர்க்கரைப் பரிசோதனை முடித்துவிடு. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதலில் ஒரு தடவை சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்ப்பார்கள். சர்க்கரை இருக்கிறது என்று வந்தால் பதநீரும் கருப்பட்டியும் பழச்சாறும் நிறுத்த வேண்டியதுதான். கருப்பட்டியில் வெள்ளைச் சீனியைவிடச் சத்து உண்டு, அதற்காக அதை வைத்து எச்பி ஏற்றுகிற அளவுக்கு ஒரு நாளில் தின்ன முடியாது. இனிப்புக்கு ஒரு சில்லு, அவ்வளவுதான்.

சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்துப் போடாதே. ஒன்றை ஒன்று தடுக்கும். சுண்ணாம்பு மாத்திரையைச் சாப்பாட்டோடு போடு, இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். உனக்கு நேரம் பிரித்து எழுதிக்கொள்வது கஷ்டமாக இருந்தால் மாத்திரை அட்டையோடு உங்கள் ஊர்ச் செவிலியரிடம் போ, நேரம் போட்டுத் தருவார்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துப் பெட்டகத்தில் வருகிற பேரீச்சையையும் அங்கன்வாடிச் சத்துமாவையும் நீதான் சாப்பிட வேண்டும். வீட்டில் வந்து போகிற பிள்ளைகளுக்கெல்லாம் பங்கு போய்விடுகிறது, அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பேரீச்சையை ராத்திரி கொஞ்சம் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரோடு பிசைந்து குடித்தால் மலச்சிக்கலுக்கும் நல்லது. டானிக்கிலும் இரும்பு இருக்கிறது. மாத்திரையோடு சேர்த்து எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கு.

ஒரு மாதம் இப்படி இருந்து பார்த்தால் எச்பி 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரை மேல் பழி போட்டுவிட்டு வீட்டில் உட்காராதே. பி12 குறைவு, பரம்பரையாக வருகிற ரத்தக் கோளாறு என்று வேறு காரணம் இருக்கலாம், அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. மாத்திரையே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நரம்பு வழியாக அயர்ன் சுக்ரோஸ் என்கிற இரும்பு மருந்தை ஏற்றுவார்கள். டாக்டர் பார்த்து, பக்கத்தில் இருந்து ஏற்றுவது அது. அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. ஊசி என்று பயந்து தள்ளிப்போடாதே, எட்டாம் ஒன்பதாம் மாதத்தில் ஓடுவதைவிட இப்போது போவது நல்லது.

நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, தலைசுற்றி விழுகிறாய், ரத்தம் படுகிறது என்றால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் 108க்குக் கூப்பிடு. வீட்டுக்காரர் கடலில் இருக்கிற நேரத்தில் யார் கூட வருவார்கள் என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள். அடுத்த எச்பி வந்ததும் இங்கே எழுது, பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.